நாளுக்கு நாலு ஆணி

சிங்கப்பூர் வாசகர்கள்கிட்டேர்ந்து இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே பாட்டு. வீட்டுக்குள்ளயே கெடக்கேன்கா, ஒடம்புல தெம்பு இல்ல, நாள் எங்க போவுதுன்னே தெரியல. ஒருத்தருக்கு ஆபீஸ் வேல வீட்லேர்ந்து, ஒருத்தருக்கு கணுக்கால் ஒடஞ்சிருச்சு, ஒருத்தருக்கு கைக்கொழந்த, ஒருத்தருக்கு மாமியார். அதனால சமையல் சந்தேகம், மருமக சந்தேகம் எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டு இந்தத் தடவ இத மட்டும் எடுத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு வாரத்துல நாலு நாள் வீட்லேர்ந்தே வேல. மொதல்ல ஜாலியா இருந்துச்சு. இப்ப பாத்தா காலைல 8.50க்கு எழுந்து 9 மணி மீட்டிங்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு உக்காந்துக்கறேன், பல்லு வெளக்குறதே 11 மணிக்கு. மத்தியானம் ஃபுட் டெலிவரி, லேப்டாப் முன்னாடியே சாப்பாடு. மூணு மணிக்கு கண்ணு சொருகுது, ஒரு தே (டீ) போட்டுக் குடிக்கறேன், அஞ்சு மணிக்கு இன்னொண்ணு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரல. ஆறு கிலோ ஏறிட்டேன். ஜிம்ல சேந்து மூணு மாசம் ஆச்சு, மூணே தடவதான் போயிருக்கேன். ஒரு நல்ல டைம்டேபிள் போட்டுக் குடுங்க.
*38 வயசு வாசகர், செங்காங்*

பதில்: தம்பி, டைம்டேபிள் குடுக்க மாட்டேன். குடுத்தா நீங்க அத கலர் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டுவீங்க, நாலாவது நாள் அது மேல ஏர்கான் சர்வீஸ்காரன் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஜிம் கார்டு கதையே அதுக்கு சாட்சி.

ஆபீஸ் போயிட்டு இருந்தப்போ உங்கள நேரத்துக்குக் கெளப்புனது உங்க மனவுறுதின்னா நெனைக்கிறீங்க? எல்ஆர்டி, அந்தக் குட்டி ரயில் கூட்டம்தான். பத்து நிமிஷம் லேட்டானா கதவுல ஒட்டிக்கிட்டு நிக்கணும், அந்த பயம். அப்புறம் வீட்லேர்ந்து எல்ஆர்டிக்கு நட, செங்காங் ஸ்டேஷன்ல வடகிழக்குப் பாதை ரயிலுக்கு மாற நட, எஸ்கலேட்டர் ரிப்பேர்னா படி, அந்தப் பக்கம் எறங்கி ஆபீஸ் வரைக்கும் நட, மத்தியானம் அங்காடிக் கடைல கியூ, சாயந்தரம் இதே எல்லாம் திரும்ப. இத ஒரு நாளும் நீங்க எக்சர்சைஸ்னு கணக்கு வச்சிருக்க மாட்டீங்க, ஆனா ஒடம்பு கணக்கு வச்சிருந்துச்சு. இப்ப பெட்ரூமுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் எத்தன அடி? பன்னெண்டா?

நானும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல தாதியா வேல பாத்துட்டு 2019 கடைசியில ஓய்வு எடுத்தேன், இனிமே அலாரமே வேணாம்னு ஒரே கொண்டாட்டம். நாலு மாசம் ஆகல, 2020 ஏப்ரல் 7ந் தேதி கொரோனாவுக்காக சர்க்கிட் பிரேக்கர்ங்கற ஊரடங்கு வந்துச்சு, ஜூன் 1 வரைக்கும், மொத்தம் 56 நாள். மொத வாரம் வீடு பூரா தொடச்சேன். ரெண்டாவது வாரம் ஊரே கேக் செஞ்சுச்சு, நானும் செஞ்சேன். மூணாவது வாரம் பாத்தா பகல் பன்னெண்டு மணிக்கு நைட்டியோட சோபால சாஞ்சு ஒலி 96.8 கேட்டுக்கிட்டு கெடக்கேன், எழுந்து தண்ணி குடிக்கவே அலுப்பு. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த நாள்ல கூட அப்படி அலுத்தது கெடையாது. அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, இன்னிக்கு செவ்வாயா புதனான்னு. ரெண்டு பேருக்கும் தெரியல. காலண்டர்ல பாத்தா வியாழக்கெழம.

ஆபீஸ்காரங்க உங்க வேலைய ஆணி புடுங்குறதுன்னு சொல்லிக்குவீங்கல்ல, வீட்ல இருக்கறவன் ஆணி அடிக்கணும். சொவத்துல நாலு ஆணி இருந்தா சட்டைய எதுலயாவது மாட்டலாம், ஆணியே இல்லன்னா எல்லாம் தரைலதான் கெடக்கும். முன்னாடி அந்த ஆணிய எல்ஆர்டியும் பாஸும் அடிச்சு வச்சாங்க, இப்ப நீங்களே அடிச்சுக்கணும். நாலு போதும், அதுக்கு மேல அடிச்சா சொவரு பேந்துக்கும். எழுந்திரிக்கிற நேரம், வாசலத் தாண்டுற நேரம், மத்தியானம் சாப்புடுற நேரம், லைட்ட அணைக்கிற நேரம். நடுவுல எப்படியோ போங்க, நான் கேக்க மாட்டேன்.

எழுந்திரிக்கிறதுல நம்ம ஊர்ல ஒரு சிக்கல் இருக்கு. இங்க வருஷம் பூரா சூரியன் ஏழு மணி வாக்குல வந்து ஏழு மணி வாக்குல போயிடுது, ஜூனும் ஒண்ணுதான் டிசம்பரும் ஒண்ணுதான். இன்னொண்ணு, 1982 ஜனவரி 1ந் தேதி மலேசியாவோட சேந்து நம்ம கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க, அப்ப நான் ஸ்கூல் பிள்ள, அதுக்கப்புறம் இருட்டுலயே பையத் தூக்கிட்டு ஓடுனது நல்லா ஞாபகம் இருக்கு. பூமிக் கணக்குப்படி பாத்தா நம்ம கடிகாரம் சூரியன விட ஒரு மணி நேரம் வேகமா ஓடுது. காலை வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் ஒடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் திருகி விட்ட மாதிரி சரியாகும், நீங்க 8.50க்கு எழுந்து திரைச்சீலையும் தெறக்காம வேலைக்கு உக்காந்தா அது நடக்கறதே இல்ல. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒடம்பு இன்னும் சாயந்தரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தா அது தப்பா? ஏழரைக்கு எழுந்திரிங்க, சனி ஞாயிறு கூட. தூக்கம் வராத ராத்திரிக்கு மறுநாளும் ஏழரைதான், அந்த ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், சகிச்சுக்கங்க.

வாசலத் தாண்டுறதுதான் ரொம்ப முக்கியம். எட்டே காலுக்கு ஆபீஸ் போற மாதிரியே கெளம்புங்க, லிஃப்ட்ல எறங்கி வாய்ட் டெக், அதான் புளோக்குக்குக் கீழ இருக்கற தெறந்த தளம், அது வழியா வெளிய வந்து அடுத்த எல்ஆர்டி ஸ்டேஷன் வரைக்கும் நடந்து திரும்புங்க. பக்கத்துல பொங்கோல் ஆத்தோரம் பார்க் கனெக்டர் நடைபாதை இருக்கு, அங்க போக ஆசன்னா சனிக்கெழம போங்க, வேல நாள்ல ஆசப்பட்டா நேரம் பத்தாது, அப்புறம் நேரமில்லன்னு அதையும் விட்டுடுவீங்க. வரும்போது நாலு மாடியாவது படி ஏறுங்க. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்கற மாதிரி நடங்கன்னு சொல்லுது. முன்னாடி ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது நடந்தாத்தான் கணக்குன்னு இருந்துச்சு, 2020ல அத எடுத்துட்டாங்க, இப்ப ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான். காலைல 25 நிமிஷம், சாயந்தரம் வேல முடிஞ்சு லேப்டாப்ப மூடுன ஒடனே இன்னொரு 15. லேப்டாப்ப மூடி பையில போட்டு அலமாரில வைங்க. மேசை மேல தெறந்து கெடந்தா அது ராத்திரி பத்து மணிக்கும் கூப்புடும்.

சாப்பாடு பன்னெண்டரைன்னா பன்னெண்டரை, வேற எடத்துல உக்காந்து. டெலிவரிக்குப் பதிலா எறங்கிப் போய் கோப்பிக் கடைல வாங்கிட்டு வாங்க, டெலிவரி காசும் மிச்சம். சாப்ட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் காரிடார்ல நடந்தா சோத்துக்கப்புறம் ஏறுற சர்க்கரை அவ்வளவு ஏறாது, மூணு மணி மயக்கத்துல பாதி அதுலயே போயிடும். தே விஷயம். காஃபீன் ஒடம்ப விட்டுப் பாதி எறங்கவே கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆவுது. அஞ்சு மணி தேயில பாதி பத்து மணிக்கும் உள்ள ஓடிக்கிட்டு இருக்கு, அப்புறம் எங்க தூங்கறது? கடைசி தே ரெண்டு மணிக்கு முன்னாடி, அதுவும் சியூ டாய், இனிப்பு கம்மியா. கெட்டிப்பால் தேய நாளைக்கு ரெண்டு குடிச்சுட்டு ஆறு கிலோ எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? கேன் டிரிங்க்லயாவது 2022 கடைசிலேர்ந்து சர்க்கரை ஜாஸ்தின்னா சி, டின்னு எழுத்து போட்டு வச்சிருக்காங்க, வீட்ல போடற தேக்கு யாரும் எழுத்து ஒட்ட மாட்டாங்க.

லைட்டு பதினொண்ணு. போன் ஹால்ல சார்ஜ் ஆகட்டும்.

கடைசியா ஒண்ணு, நீங்க எழுதல ஆனா எனக்குத் தெரியும், மேல சட்டை கீழ கைலிதானே? கைலிக்கு எத்தன இஞ்சு ஏறுனாலும் தெரியாது, அது பாட்டுக்கு வழி விட்டுக்கிட்டே இருக்கும். பேண்ட்தான் உண்மைய சொல்லும். காலைல பேண்ட் போட்டுக்கங்க. ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், நம்ம ஆசியக்காரங்களுக்கு ஒயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற பிஎம்ஐ கணக்கு 23 தாண்டுனாலே சர்க்கரை, இருதயம் ரெண்டுக்கும் ஜாக்கிரதைங்கிறாங்க. ஜிம்ம இப்போதைக்கு மறந்துடுங்க. நாலு ஆணியும் ஒரு மாசம் நின்னுச்சுன்னா அப்ப ஜிம்முக்குப் போங்க, தானாவே கால் போகும்.

கேள்வி: வெறும் வயித்துல வெந்நீர்ல எலுமிச்சம்பழமும் தேனும் கலந்து குடிச்சா நாள் பூரா எனர்ஜி இருக்குமாமே?
*வாசகி, சுவா சூ காங்*

பதில்: தேன்ல இருக்கறது சர்க்கரைதான்மா, ஒரு அரை மணி நேரத்துக்கு இருக்கும். குடிக்கப் புடிச்சா குடிங்க, நல்ல தண்ணி உள்ள போவுதுங்கறதுக்காகவாவது. ஆனா அதக் குடிச்சுட்டு பசியாறாம பதினொரு மணி வரைக்கும் இருக்கறதாருந்தா வேணாம்.

கேள்வி: கொழந்த பொறந்து 18 நாள். அம்மா ஊர்லேர்ந்து வந்து பாத்துக்கறாங்க. நாப்பது நாள் வீட்ட விட்டு வெளிய போகக் கூடாது, தண்ணி நெறைய குடிச்சா வயிறு ஊதிடும், நடந்தா இடுப்பு வலிக்கும்னு எதுக்கும் விட மாட்டேங்கறாங்க. பெட்ரூம்லயே இருக்கேன். எப்பவும் அழுகையா வருது, தெம்பே இல்ல. அம்மாவ எதுத்துப் பேசவும் முடியல, அவங்கதான் ராத்திரி பூரா முழிக்கறாங்க.
*29 வயசு வாசகி, பொங்கோல்*

பதில்: வாழ்த்துகள்மா. அம்மாவ எதுத்துப் பேச வேணாம், பாதி விஷயத்துல அவங்க சொல்றதுதான் சரி. நாப்பது நாள் பெத்தவள வேலைல விடாதேன்னு அந்தக் காலத்துல சொன்னது ரொம்பப் பெரிய விஷயம், இல்லன்னா மூணாவது நாளே மாவாட்ட அனுப்பியிருப்பாங்க. பூண்டுக் கொழம்பு, முட்டை, முருங்கக்கீரை எல்லாம் தாராளமா சாப்புடுங்க, புரதமும் இருக்கு இரும்புச்சத்தும் இருக்கு.

தண்ணியில மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. பால் குடுக்கற ஒடம்புக்கு வழக்கத்த விட அதிகமாவே தண்ணி வேணும். பச்சத்தண்ணிக்கு அம்மா பயந்தா வெந்நீரா குடிங்க, ஓமத்தண்ணியா குடிங்க, ரசமா குடிங்க. ஒவ்வொரு தடவ பால் குடுக்க உக்காரும்போதும் பக்கத்துல ஒரு கப். தண்ணி கொறஞ்சா மலச்சிக்கல், தலவலி, அதோட இந்த அசதி.

நடையும் அப்படித்தான். பிரசவத்துக்கப்புறம் படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கிற ஆபத்து இருக்கு, அதனாலதான் ஆஸ்பத்திரில மறுநாளே எழுப்பி நடக்க விடறாங்க, ஆப்பரேஷன் பண்ணவங்களையும். நான் எத்தன பேர எழுப்பியிருக்கேன், எத்தன அம்மாங்க என்ன மொறச்சிருக்காங்க தெரியுமா? வீட்டுக்குள்ளயே ஹால், கிச்சன், ஹால்னு அஞ்சு நிமிஷம், நாளைக்கு மூணு நாலு தடவ. ஆப்பரேஷன்னா கொழந்தைய விட கனமா எதையும் தூக்காதீங்க. காத்துப்படக் கூடாதுன்னு சொன்னா காலைல காரிடார்ல காதுக்கு ஷால் கட்டிக்கிட்டு கொழந்தையோட நில்லுங்க, மஞ்சக்காமாலை வந்திருக்கான்னு வெளிச்சத்துல பாக்கணும்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல.

உங்களுக்கு நேரம் காலம்னு ஆணி அடிக்க சொல்ல மாட்டேன், இப்ப கடிகாரம் உங்க பிள்ள கையில. ஒண்ணே ஒண்ணு, காலைல குளிச்சு துணி மாத்துற நேரம். அது மட்டும் நெலையா இருக்கட்டும். உங்க வீட்டுக்காரர் எங்க? கடுதாசில அவரு வரவே இல்லயே. 2025 ஏப்ரல் 1லேர்ந்து, சிங்கப்பூர்க் குடிமகனா பொறக்கற பிள்ளைக்கு அப்பாவுக்கு நாலு வாரம் சம்பளத்தோட லீவு. அத எடுத்துட்டு போன்ல கேம் வெளையாடுனா ஆகாது, ராத்திரி ஒரு ஷிஃப்ட் அவரு பாக்கட்டும், அம்மாவும் தூங்கட்டும்.

அழுகை விஷயம். மொத பத்து நாள்ல காரணமில்லாம அழுகை வர்றது ரொம்ப சகஜம், தானா அடங்கிடும். உங்களுக்கு 18 நாள் ஆச்சு, இன்னும் எப்பவும் வருதுங்கறீங்க. ரெண்டு வாரம் தாண்டிருச்சுன்னா அது ஒடம்பு சம்பந்தப்பட்டது, கண்ணேறும் இல்ல சோம்பலும் இல்ல. நாப்பது நாள் செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, பிரசவம் பாத்த டாக்டர்கிட்ட இந்த வாரமே போன் பண்ணி இதே வார்த்தைய சொல்லுங்க. உங்கள ஏதாவது பண்ணிக்கணும், கொழந்தைய ஏதாவது பண்ணிடுவோமோன்னு நெனப்பு வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும்.

கேள்வி: மழை வந்தா, புகைமூட்டம் வந்தா நடக்கறது எப்படி?
*வாசகர், உட்லண்ட்ஸ்*

பதில்: மழைக்கு வாய்ட் டெக், பல மாடி கார் பார்க், மூடுன நடைபாதை எல்லாம் இருக்குங்க, நம்ம ஊர்ல கொடையே இல்லாம ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். புகைக்கு பிஎஸ்ஐ, அதான் காத்து மாசு எண், அதப் பாருங்க, 100 தாண்டுனா வெளிய ரொம்ப நேரம் வேகமா நடக்கறத நிறுத்திட்டு ஜன்னல சாத்திக்கிட்டு உள்ள நடங்க. 2013 ஜூன் 21ந் தேதி 401க்குப் போச்சே, அன்னிக்கு வார்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா எதுத்த புளோக்கே தெரியல.

கேள்வி: எனக்கு வயசு 72. பாத்ரூம்ல வழுக்கி கணுக்கால் ஒடஞ்சு மாவுக்கட்டு போட்டு இப்பதான் கழட்டுனாங்க. டாக்டர் நடக்கலாம்னு சொல்லிட்டாரு, எவ்வளவு எப்படின்னு சொல்ல அவருக்கு நேரமில்ல, எக்சர்சைஸ் பேப்பர் ஒண்ணு குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ். கால் குச்சி மாதிரி ஆயிடுச்சு. மறுபடி விழுந்துடுவேனோன்னு பயத்துல வசந்தம் டிவி முன்னாடியே உக்காந்திருக்கேன். காலைல பத்து மணிக்கே அலுத்துப் போவுது.
*வாசகர், அங் மோ கியோ*

பதில்: வணக்கம் ஐயா. மொதல்ல அந்தப் பேப்பர எடுத்துட்டு போன் பண்ணி பிசியோதெரபிக்கு அப்பாய்ன்ட்மென்ட் கேளுங்க, பேரப் பிள்ளைங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க, ஒவ்வொண்ணையும் உங்க முன்னாடி செஞ்சு காட்டச் சொல்லி பேரன் போன்ல வீடியோ எடுக்கட்டும். எவ்வளவு பாரம் அந்தக் கால்ல குடுக்கலாம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, அது எலும்பு கூடுன அளவப் பொறுத்தது, நான் இங்கேர்ந்து சொல்ல முடியாது.

கால் குச்சியானது வயசால மட்டும் இல்ல ஐயா. நம்ம வயசுல பத்து நாள் படுத்தாலே தொடைச் சதை கரைய ஆரம்பிச்சுடும், கட்டு போட்ட கால் இன்னும் வேகமா. கரைஞ்சது திரும்பி வரும், ஆனா டிவி பாத்து வராது. அவங்க சரின்னு சொன்னப்புறம், கைப்புடி வச்ச நாற்காலிய சொவத்தோரம் போட்டு, உக்காந்து எழுந்திரிங்க. கைய ஊனிக்கலாம், வெக்கமில்ல. மொதல்ல அஞ்சு தடவ, வாரம் போகப் போக பத்து. நாடகத்துக்கு நடுவுல விளம்பரம் வந்தா எழுந்திரிக்கணும்னு வச்சுக்கங்க, எவ்வளவு விளம்பரம் போடறாங்க, ஒரு மாசத்துல நீங்க பயில்வான். கிச்சன் தொட்டியப் புடிச்சுக்கிட்டு குதிகாலத் தூக்கி எறக்கறது, ஒத்தக் கால்ல நிக்கப் பழகறது அதுக்கப்புறம். 65 தாண்டுனவங்க வாரத்துல மூணு நாளாவது இந்த மாதிரி தள்ளாடாம நிக்கற பயிற்சி செய்யணும்னு சொல்றாங்க, விழாம இருக்கறதுக்குத்தான்.

சாப்பாட்டுல பாருங்க, காலைல ரெண்டு பிஸ்கட்டு தே, மத்தியானம் சோறு ரசம், ராத்திரி கஞ்சி, சரியா? இதுல சதை எங்கேர்ந்து வளரும்? வேளைக்கு ஒண்ணு, முட்டையோ மீனோ பருப்போ தயிரோ. மார்க்கெட்ல தௌ குவா, கெட்டியான சோயாக் கட்டி, மலிவுதான், மஞ்சத்தூள் மொளகாத்தூள் போட்டு வறுத்தா பல்லுக்கும் சுலபம். கிட்னி கோளாறு இருந்தா மட்டும் டாக்டர கேட்டுட்டு.

பயத்துக்கு மருந்து பாத்ரூம்ல இருக்கு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துல, அதான் வீவகவுல, மூத்தவங்களுக்குன்னு ஒரு திட்டம் இருக்கு, ஈஸ்னு பேரு, பாத்ரூம்ல கைப்புடி அடிக்கறது, தரைய வழுக்காம பண்றது எல்லாம் பெரும்பகுதி செலவ அரசாங்கமே ஏத்துக்கும், மகன விட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்க. அது முடிஞ்சப்புறம் காரிடார். ரப்பர் சிலிப்பர் வேணாம், பின்னாடி பட்டை உள்ள செருப்பு. மொத நாள் பக்கத்து வீட்டுக் கதவு வரைக்கும், மறுநாள் ரெண்டு கதவு. சாயந்தரம் அஞ்சு மணின்னு ஒரே நேரத்துல போங்க, ஒரு வாரத்துல அந்த மூணாவது கதவு சீன அங்கிள் உங்களுக்காகக் காத்திருப்பாரு பாருங்க, ஒரு நாள் வரலன்னா மணி அடிச்சுக் கேப்பாரு.

ஒடஞ்ச கால்ல கெண்டைச் சதை திடீர்னு வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ நெஞ்சு வலிச்சாலோ எக்சர்சைஸால வந்ததுன்னு தேய்ச்சுக்கிட்டு உக்காராதீங்க. வீக்கத்துக்கு அன்னிக்கே டாக்டர், மூச்சுக்கும் நெஞ்சுவலிக்கும் 995க்கு அடிச்சு ஆம்புலன்ஸ்.

கேள்வி: 17 வயசு மகன், ஸ்கூல் லீவு. காலைல நாலு மணிக்குப் படுத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு எழுந்திரிக்கிறான். கேட்டா போரடிக்குதுங்கறான்.
*ஒரு அம்மா, பிடோக்*

பதில்: திட்டி ஒண்ணும் ஆகாதும்மா, அந்த வயசுல ஒடம்பே லேட்டாத்தான் தூக்கம் கேக்கும், அதுக்காக நாலு மணி ரொம்ப ஜாஸ்தி. ஒரே நாள்ல மாத்தப் பாக்காதீங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ அரை மணி நேரம் முன்னாடி எழுப்புங்க, எழுப்புன கையோட திரைச்சீலைய தெறந்து விடுங்க. பகுதிநேர வேல ஏதாவது இருந்தா அனுப்பி வைங்க. உங்க பேச்ச கேக்காதவன் சூப்பர்வைசர் பேச்ச கேப்பான்.

கேள்வி: அக்கா, எனக்கு 52. மாமியாருக்கு பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, படுக்கைதான். நான் வேலைய விட்டுட்டேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டறாரு, ஷிஃப்ட் வேல. பணிப்பெண் வைக்க வசதி இல்ல. நாத்தனார் தெம்பனிஸ்ல இருக்காங்க, ஞாயித்துக்கெழம பழம் வாங்கிட்டு வந்து அரை மணி நேரம் இருந்துட்டு, அண்ணி எளச்சுட்டீங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க. காலைல எழும்போதே அலுப்பா இருக்கு. யோகா பண்ணுங்க, வாக்கிங் போங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்ப போறது?
*வாசகி, தோ பாயோ*

பதில்: உங்க கடுதாசிய மூணு தடவ படிச்சேன்மா. மேல செங்காங் தம்பிக்கு நாளுக்கு நாலு ஆணி அடின்னு பெருசா சொன்னேன், உங்களுக்கு அது பொருந்தாது. உங்க சொவத்துல ஆணிக்கு கொறச்சலே இல்ல. ஆறு மணிக்கு மாத்திரை, ஏழுக்கு கஞ்சி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் படுக்க வைக்கணும், பேம்பர்ஸ், மறுபடி மாத்திரை. அத்தனையும் மாமியாரோட ஆணி. ஒண்ணு கூட உங்களது இல்ல.

உங்களுக்கு யாரும் யோகா சொல்ல வேணாம், நாள் பூரா ஒரு ஆள பொரட்டித் தூக்கறீங்க, அத விட என்ன எக்சர்சைஸ். அந்தத் தூக்கறதையும் இடுப்ப வளைச்சுத் தூக்கறீங்களோன்னு எனக்கு பயமா இருக்கு. கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்துறதுக்கு ஒரு முறை இருக்கு, நாங்க அத கத்துக்கிட்டுத்தான் முப்பது வருஷம் இடுப்போட இருந்தோம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புன்னு இருக்கு, ஏஐசின்னு சொல்வாங்க, அங்க கேட்டா பராமரிக்கறவங்களுக்குப் பயிற்சி எங்க இருக்கு, மானியம் எவ்வளவு, பகல் நேரப் பராமரிப்பு நிலையத்துல உங்க மாமியார சேத்துக்குவாங்களா, இல்ல வீட்டுக்கே ஆள் வந்து சில மணி நேரம் பாத்துக்குவாங்களான்னு எல்லாம் சொல்வாங்க. மாமியார வெளியாள் கிட்ட விட்டா ஊரு என்ன சொல்லும்னு யோசிக்காதீங்க. வார்டுல நான் பாத்திருக்கேன், ரெண்டு வருஷம் ராத்திரி பகல் பாத்த மருமக மூணாவது வருஷம் அடுத்த கட்டில்ல படுத்திருப்பா. ஊரு அப்பவும் பழம்தான் வாங்கிட்டு வரும்.

அதுக்கு முன்னாடி உங்கள ஒரு டாக்டர் பாக்கணும். தூங்கி எழும்போதே அலுப்புன்னா எல்லாத்தையும் மாமியார் தலைல போட்டுட முடியாது. 52ங்கறீங்க, மாதவிலக்கு நிக்கற வயசு, ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், நம்ம ஜனத்துக்கு சர்க்கரை சொல்லவே வேணாம். ஒரு ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சுடும். ஹெல்தியர் எஸ்ஜின்னு அரசாங்கத்தோட சுகாதாரத் திட்டம் 2023 ஜூலைலேர்ந்து நடக்குதே, 40 தாண்டுன குடிமக்கள், நிரந்தரவாசிங்க பக்கத்து கிளினிக்லயே பதிஞ்சுக்கலாம், மொத ஆலோசனைக்குக் காசு கெடையாது. மாமியாருக்கு மருந்து வாங்கப் போற அன்னிக்கு உங்களுக்கும் சேத்து நேரம் வாங்கிடுங்க, இல்லன்னா போகவே மாட்டீங்க.

சாப்பாடு. நீங்க எழுதல, ஆனா மாமியார் மிச்சம் வச்ச கஞ்சிய கிண்ணத்தோட நின்னுக்கிட்டே குடிச்சுட்டு அதுதான் பசியாறுனதுன்னு வச்சுக்கறீங்க. பந்தயம் கட்டுறேன். அவங்களுக்கு ஊட்டறதுக்கு முன்னாடி உங்க தட்டுல போட்டு உக்காந்து சாப்புடுங்க, ரெண்டு இட்லியோ ரொட்டியும் முட்டையுமோ. பத்து நிமிஷம் அவங்க கஞ்சி லேட்டானா ஒண்ணும் ஆகிடாது, சர்க்கரைக்கு ஊசி போடறவங்களா இருந்தா மட்டும் அந்த நேரத்த பாத்துக்கங்க.

இப்ப உங்க ஆணி. ஒண்ணே ஒண்ணுதான், வாரத்துல ஒரு நாள், புதன்கெழமைன்னு வைங்க, காலை பத்துலேர்ந்து பன்னெண்டு. நாத்தனார் வரணும். ஞாயித்துக்கெழம பழத்தோட வர்றது வேணாம், புதன்கெழம வெறுங்கையோட வந்தா போதும். நீங்களா கேக்க கூச்சமா இருந்தா அண்ணன விட்டு தங்கச்சிகிட்ட பேசச் சொல்லுங்க, அது அவங்க ரெண்டு பேரோட அம்மா. வேலைக்குப் போறவங்கன்னா சனிக்கெழம. வந்தவங்களுக்கு பேம்பர்ஸ் எங்க இருக்கு, எப்படிப் பொரட்டறதுன்னு ஒரு தடவ காட்டிக் குடுத்துட்டு, செருப்ப மாட்டிட்டு கெளம்பிடுங்க. அவங்க சரியா செய்ய மாட்டாங்க. செய்யாட்டிப் போகுது, ரெண்டு மணி நேரம்தான்.

எங்க போறதுன்னு கேப்பீங்க, ரெண்டு வருஷம் வீட்ல இருந்தவங்களுக்கு அதுவே மறந்திருக்கும். மார்க்கெட் போகாதீங்க, அது வேல. தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு, பஸ் ஏறுங்க, பூக்கடை பக்கம் சும்மா நடங்க, எங்கயாவது உக்காந்து சூடா ஒரு தே குடிங்க, ஆறிப்போகாத தேய. அந்த நேரத்துல போன் வந்தா எடுக்காதீங்க, நாத்தனார்தான் பண்ணுவாங்க, பேம்பர்ஸ் எங்கன்னு கேட்டு. அதான் காட்டிட்டு வந்தீங்களே.

நாலு புதன்கெழம ஆகியும் நாத்தனார் வரலன்னா எனக்கு எழுதுங்க. பேரு ஊரு எதுவும் வேணாம். அடுத்த மாசம் இந்தப் பக்கத்துல மொத கேள்வியா அதையே போடறேன், அவங்களும் இந்தப் பத்திரிகை படிக்கறவங்கதானே.